கையடக்க ஜிபிஎஸ் கருவியின் உள் நினைவக சிப்பை மாற்றிப் பெரிதாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கையடக்க ஜிபிஎஸ் கருவியில் முதலில் போதாமல் போவது நினைவகம்தான். ஆன்டெனாவும் ரிசீவரும் பட்டன்களும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சளைக்காமல் உழைக்கின்றன. வரைபடக் கோப்புகளோ ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டே போகின்றன. கார்மின் நிறுவனத்தின் பழைய ஈட்ரெக்ஸ் லெஜண்டில் வரைபடத்துக்கு இருந்த இடம் 8 எம்பி, விஸ்டாவில் 24 எம்பி. 2011இல் வந்த ஈட்ரெக்ஸ் 20இல் சுமார் 1.7 ஜிபி. அடுத்து வந்த 20எக்ஸில் 3.7 ஜிபி, 22எக்ஸில் 8 ஜிபி. நன்றாக இயங்கும் ஒரு கருவியை இடம் போதவில்லை என்பதற்காக மட்டும் ஒதுக்கிவைக்க மனம் வராதவர்களுக்காகவே இந்த வழிகாட்டி.

சிப்பைக் கழற்றி இன்னொன்றை ஒட்டுவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. கருவியின் துவக்க நிரல், அடையாள எண், சென்சார்களின் அளவுத்திருத்த மதிப்புகள் ஆகியவை பழைய சிப்புக்குள்தான் இருக்கின்றன. அவற்றை முழுமையாக வெளியே எடுத்து, எடுத்தது சரிதான் என்று உறுதிசெய்த பிறகே, முடிந்தவரை, போர்டில் வெப்பம் படவேண்டும். இந்த வரிசையைக் காப்பாற்றினால், நடுவில் எது தவறினாலும் மீள வழியிருக்கும். மாற்றிச் செய்தால் எவ்வளவு தேர்ந்த கையாலும் கருவியை மீட்க முடியாமல் போகலாம்.

பிஜிஏ வகை சிப்பை (வெளியே கால்களுக்குப் பதிலாக அடியில் சிறு சால்டர் பந்துகள் கொண்டது) இதற்கு முன் கழற்றி ஒட்டியதில்லை என்றால், பயனற்ற பழைய கைப்பேசிப் போர்டுகளில் கை படியும்வரை பழகிவிட்டு வாருங்கள்.

சிப்பைத் தொடாமலே தீருமா?

கருவியில் மைக்ரோ எஸ்டி கார்டு செருகும் இடம் இருந்தால், பெரும்பாலும் இந்த வேலையே தேவையில்லை. வரைபடங்களைக் கார்டில் வைத்தாலே போதும். செருகும் இடம் பழுதாகியிருந்தால் அந்தச் செருகியை மட்டும் மாற்றுவது சிப்பை மாற்றுவதைவிடப் பலமடங்கு எளிது.

நினைவகத்துக்குத் தொடர்பில்லாத எல்லைகளும் உண்டு. ஈட்ரெக்ஸ் 10, 20, 30 வரிசையில் நடப்புத் தடப்பதிவுக்கு 10,000 புள்ளிகள்தான். ஜிபிஎஸ்மேப் 60சிஎஸ்எக்ஸ் 2,025 வரைபடத் துண்டுகளுக்கு மேல் ஏற்காது. இவை ஃபர்ம்வேரில், அதாவது கருவியை இயக்கும் உள் மென்பொருளில், எழுதப்பட்ட வரம்புகள். 64 ஜிபி சிப்பை வைத்தாலும் ஒரு புள்ளிகூட அதிகரிக்காது. அதேபோல் எஃப்ஏடி32 கோப்பு முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. உங்கள் வரைபடம் ஒரே கோப்பாக அதைவிடப் பெரிதாக இருந்தால் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

மிகப் பழைய கருவி என்றால் தேதியைச் சரிபாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வார எண்ணை 10 பிட்டுகளில் அனுப்புவதால் 1,024 வாரங்களுக்கு ஒருமுறை எண் சுழியத்துக்குத் திரும்புகிறது. கடைசியாக அது நடந்தது 2019 ஏப்ரலில். அதைக் கையாளாத ஃபர்ம்வேர் உள்ள கருவி ஏறத்தாழ இருபது ஆண்டு பழைய தேதியைக் காட்டும். தடப்பதிவின் நேரமுத்திரைகள் உங்களுக்கு முக்கியமென்றால், அப்படிப்பட்ட கருவியில் இவ்வளவு உழைப்பைக் கொட்டுவதை மறுபடி யோசியுங்கள்.

மாற்றியே ஆகவேண்டிய நிலை இரண்டு. கார்டு வசதியே இல்லாமல் உள் நினைவகம் நிறைந்துபோனது ஒன்று. சிப் தேய்ந்துபோனது மற்றொன்று. அழித்த கோப்பு மறுதுவக்கத்துக்குப் பின் மீண்டும் தோன்றினாலோ, புதிதாக எழுதியது நிலைக்காவிட்டாலோ, சிப் தன்னைப் படிக்க மட்டும் முடிகிற நிலைக்குப் பூட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட சிப்பை இன்னும் படிக்க முடிகிறது என்பதே நல்வாய்ப்பு. தாமதிக்காமல் நகலெடுங்கள்.

திறப்பதும் சிப்பை அடையாளம் காண்பதும்

பேட்டரியைக் கழற்றிவிட்டு, மணிக்கட்டில் நிலைமின் பட்டையை அணிந்துகொண்டு தொடங்குங்கள். இக்கருவிகளில் பலவும் ஐபிஎக்ஸ்7 தரத்தில், அதாவது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும்படி மூடப்பட்டவை. மூடியின் விளிம்பில் ரப்பர் வளையமோ பசையோ இருக்கும். பசை என்றால் விளிம்பைச் சுமார் 60 டிகிரிக்கு இளஞ்சூடாக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். உலோகக் கத்தி ரப்பர் வளையத்தில் கீறல் போட்டுவிடும். அந்தக் கீறலின் விலை முதல் மழையில்தான் தெரியும்.

ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கள். திரையின் ரிப்பன் இணைப்பு, ஆன்டெனாவின் சிறு கோஆக்சியல் இணைப்பு, திருகாணிகளின் நீள வேறுபாடு எல்லாம் பிறகு கைகொடுக்கும்.

போர்டில் பொதுவாக இரண்டு வகை நினைவகங்களைக் காணலாம். இரு பக்கமும் மெல்லிய கால்கள் நீண்ட செவ்வக சிப் பழைய கருவிகளில் வரும் டிசாப்-48 வகை. கால்களுக்கிடையே 0.5 மிமீ இடைவெளி, உள்ளே நோர் அல்லது நேண்ட் ஃபிளாஷ் (மின்சாரம் இல்லாதபோதும் தரவைக் காக்கும் நினைவக வகைகள்). கால்களே வெளியில் தெரியாத சதுரத் தகடு போன்ற சிப் இஎம்எம்சி, அதாவது ஃபிளாஷும் அதன் கட்டுப்படுத்தியும் ஒரே உறையில் அடங்கியது. 11.5 × 13 மிமீ அளவும் அடியில் 153 பந்துகளும் கொண்டது பரவலானது. சில நேரம் அது உலோகக் கவசத்தின் அடியில் பிராசஸருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். மேலே அச்சிட்ட பகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தரவுத்தாளை எடுத்து வையுங்கள்.

பெரிய சிப்பை உங்கள் கருவி ஏற்குமா?

டிசாப் நேண்ட் என்றால் வாய்ப்பு குறுகலானது. துவக்க நிரல் சிப்பின் அடையாளக் குறியீட்டைப் படித்து, தனக்குத் தெரிந்த பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லாததை ஏற்காது. பக்க அளவும் தொகுதி அளவும் பழையதைப் போலவே இருக்கவேண்டும். 2,048 பைட் பக்கமும் பிழைதிருத்தக் குறியீடுகளுக்கான 64 பைட் உதிரிப் பகுதியும் கொண்ட சிப்புக்குப் பதிலாக 4,096 பைட் பக்கம் கொண்டதை வைத்தால் பிழைதிருத்தக் குறியீடுகள் எல்லாம் இடம்மாறிவிடும். அதே வரிசையில் அதிக நினைவகத்துடன் வெளிவந்த உடன்பிறப்பு மாடலில் எந்தச் சிப் இருக்கிறதோ, அதுவே உங்களுக்குரிய ஒரே பாதுகாப்பான தேர்வு.

இஎம்எம்சி இதைவிட இணக்கமானது. தேய்மானப் பங்கீடு, பழுதான தொகுதிகளை ஒதுக்குதல், பிழைதிருத்தம் எல்லாவற்றையும் சிப்புக்குள் இருக்கும் கட்டுப்படுத்தியே பார்த்துக்கொள்கிறது. ஆனால் மூன்றைச் சரிபார்க்காமல் சிப் வாங்காதீர்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் முகவரி முறை. 2 ஜிபி வரையுள்ள இஎம்எம்சி பைட் கணக்கில் முகவரியை எதிர்பார்க்கும். அதற்கு மேற்பட்டவை 512 பைட் கொண்ட செக்டர் கணக்கில் எதிர்பார்க்கும். 2 ஜிபி சிப்புடன் பிறந்த கருவியின் துவக்க நிரலுக்குப் பைட் முறை மட்டுமே தெரியும் என்றால், 8 ஜிபி சிப்பில் எவ்வளவு சரியாக நகல் எழுதினாலும் அது தவறான இடத்தைத்தான் படிக்கும். அதே வரிசையில் 4 ஜிபி மாடல் ஒன்று அதே பிராசஸருடன் வந்திருந்தால் நம்பிக்கையோடு தொடரலாம். இல்லாவிட்டால் 2 ஜிபிக்குள்ளேயே நின்றுகொள்ளுங்கள். 4 ஜிபியிலிருந்து 8 ஜிபிக்குப் போகும்போது இந்தச் சிக்கல் எழாது.

அடுத்தது மின்னழுத்தம். சிப்பின் உள் நினைவகத்துக்கு 3.3 வோல்ட் போகும். தரவுக் கம்பிகளுக்கான மின்னழுத்தம் 3.3 ஆகவும் இருக்கலாம், 1.8 ஆகவும் இருக்கலாம். போர்டில் எது இருக்கிறது என்று கருவி இயங்கும்போதே மல்டிமீட்டரால் அளந்து, புதிய சிப்பின் தரவுத்தாளில் அது அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, சிப்போடு பிணைந்த பூட்டு. ஒவ்வொரு இஎம்எம்சிக்கும் மாற்ற முடியாத தனி அடையாளப் பதிவு ஒன்று உண்டு. ஒருமுறை மட்டுமே சாவி எழுதக்கூடிய பாதுகாக்கப்பட்ட பகுதியும் உண்டு. இவை இரண்டையும் நகலெடுக்க வழியில்லை. ஃபர்ம்வேர் இவற்றைச் சரிபார்க்கும் கருவியில் மாற்றுச் சிப் இயங்காது.

கொள்ளளவைப் பொறுத்தவரை பேராசை வேண்டாம். 8 ஜிபி தாராளம். பழைய ஃபர்ம்வேர் எஃப்ஏடி அட்டவணையை (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவு) முழுதாகப் படித்துத்தான் மீதி இடத்தைக் கணக்கிடக்கூடும், பெரிய சிப் துவக்கத்தை இழுத்தடிக்கும்.

நகலெடுத்தல்

அவசரப்படக்கூடாத படி இது. முதலில் எளிய நகல். கருவியை யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்து, மறைந்திருக்கும் கோப்புகள் உட்பட அனைத்தையும் வேறிடத்தில் வையுங்கள். கார்மின் கருவி என்றால் கார்மின் கோப்புறைக்குள் இருக்கும் கார்மின்டிவைஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பைத் தனியாகவும் பத்திரப்படுத்துங்கள். கருவியின் அடையாள எண்ணும் ஃபர்ம்வேர் பதிப்பும் அதில் இருக்கும்.

இது போதாது. யூஎஸ்பி வழியாக உங்கள் கண்ணுக்குத் தெரிவது பயனர் பகுதி மட்டுமே. இஎம்எம்சிக்குள் பயனர் பகுதி தவிர, துவக்கப் பகுதிகள் இரண்டு தனியே இருக்கின்றன. கருவி உயிர்பெறுவதற்கான முதல் நிரல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அவற்றைப் படிக்க சிப்போடு நேரடியாகப் பேசவேண்டும்.

சிப் போர்டில் இருக்கும்போதே படிப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. வெப்பம் படும் முன்பே நகல் கைக்கு வந்துவிடுகிறது. கட்டளைக் கம்பி, கடிகாரக் கம்பி, முதல் தரவுக் கம்பி, தரை, இரண்டு மின்னழுத்தங்கள் ஆகியவற்றுக்குச் சோதனைப் புள்ளிகளைத் தேடிக் கண்டுபிடித்து மெல்லிய எனாமல் கம்பிகளைச் சால்டர் செய்யுங்கள். கம்பிகள் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பிராசஸர் இடையில் புகுந்து சிப்போடு பேசத் தொடங்கினால் படிப்பு குழம்பும் என்பதால், அதை ரீசெட் நிலையில் பிடித்துவையுங்கள். கடிகார வேகத்தைக் குறைத்து, ஒரே தரவுக் கம்பியில் நிதானமாகப் படியுங்கள்.

சோதனைப் புள்ளி கிடைக்காத போர்டில் சிப்பைக் கழற்றித்தான் படிக்கவேண்டும். 153 பந்து சாக்கெட்டோடு வரும் புரோகிராமரே இதற்கு உகந்தது. சாக்கெட்டை எஸ்டி கார்டு வடிவில் மாற்றித் தரும் அடாப்டரும் உதவும். ஆனால் ஒரு நிபந்தனை: அதை யூஎஸ்பி கார்டு ரீடரில் செருகினால் துவக்கப் பகுதிகள் தெரியவே தெரியாது. மடிக்கணினியில் மதர்போர்டோடு சேர்ந்த கார்டு செருகியில் வைத்து லினக்ஸில் திறந்தால், பயனர் பகுதியும் இரண்டு துவக்கப் பகுதிகளும் தனித்தனிச் சாதனங்களாகத் தோன்றும்.

பயனர் பகுதியை முதல் செக்டரிலிருந்து கடைசி வரை ஒரே படிமமாக, அதாவது பிட்டுக்குப் பிட்டு ஒத்த ஒரே கோப்பாக, எடுங்கள். துவக்கப் பகுதிகள் இரண்டையும் தனித்தனியே எடுங்கள். பிறகு சிப்பின் 512 பைட் விரிவு அமைவுப் பதிவேட்டைக் கோப்பாகச் சேமியுங்கள். இதை விட்டுவிடுபவர்கள் பலர். அதில் 179ஆவது பைட் எந்தத் துவக்கப் பகுதியிலிருந்து தொடங்கவேண்டும் என்பதையும், 177ஆவது பைட் துவக்கத்தின்போது எத்தனை தரவுக் கம்பிகள், எந்த வேகம் என்பதையும் சொல்கின்றன. 226ஆவது பைட்டை 128 கேபியால் பெருக்கினால் துவக்கப் பகுதியின் அளவு கிடைக்கும்.

எல்லாவற்றையும் இரண்டாம் முறை படியுங்கள். இரண்டு முறை எடுத்த படிமங்களின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்புகள் (கோப்பின் கைரேகை போன்றவை) எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கம்பியிலோ வேகத்திலோ குறை இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஓர் அடியும் முன்னே வைக்காதீர்கள். ஒத்துப்போன படிமங்களை இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வையுங்கள்.

டிசாப் நேண்டுக்கு இன்னொரு குறிப்பு: உதிரிப் பகுதியோடு சேர்த்தே படியுங்கள். அதை விட்டு எடுத்த நகலால் பயனில்லை. பழைய சிப்பின் பழுதான தொகுதிகள் எங்கே இருக்கின்றன, புதிய சிப்பில் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, தரவை அதற்கேற்ப நகர்த்தித் தரும் புரோகிராமர் வேண்டும்.

இந்த நகல் உங்கள் கருவிக்கானது. விலைகொடுத்து வாங்கிய வரைபடங்கள் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டவை. ஒரு கருவியின் அடையாளத்தை இன்னொன்றில் ஏற்றுவது உரிமமீறல். அதற்கு இந்த முறையைப் பயன்படுத்தாதீர்கள்.

புதிய சிப்பைத் தயார்செய்தல்

உறை பிரித்து நாள்கணக்கில் கிடந்த சிப் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். திடீர் வெப்பத்தில் அந்த ஈரம் ஆவியாகி சிப்பை உள்ளேயே பிளந்துவிடும். மூன்றாம் நிலை ஈர உணர்திறன் கொண்ட சிப்புக்கு உறை பிரித்த பின் அனுமதிக்கப்பட்ட காலம் 168 மணி நேரம்தான். சந்தேகமிருந்தால் 125 டிகிரியில் ஓர் இரவு உலர்த்துங்கள். உலர்த்துவதை எழுதுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், எழுதிய பின் நீண்ட வெப்பம் ஃபிளாஷ் செல்களில் உள்ள தரவைத் தளரச்செய்யும்.

பிறகு சாக்கெட்டில் வைத்து, பயனர் படிமத்தையும் துவக்கப் படிமங்களையும் எழுதுங்கள். புதிய சிப்பின் துவக்கப் பகுதி பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கவேண்டும். லினக்ஸ் அவற்றைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். அந்தத் தடையை நீக்கிவிட்டு எழுதுங்கள். 179, 177 ஆகிய பைட்டுகளைப் பழைய சிப்பில் இருந்தபடியே அமையுங்கள். 162ஆவது பைட், அதாவது ரீசெட் காலின் செயல்பாடு, ஒருமுறை மட்டுமே எழுதக்கூடியது. பழைய சிப்பில் அது 0 என்றால் அதைத் தொடவே வேண்டாம். எழுதிய அனைத்தையும் திரும்பப் படித்து ஒப்பிடுங்கள்.

வெப்பத்தோடு வேலை

ஜிபிஎஸ் போர்டு கைப்பேசிப் போர்டைவிட நுணுக்கமான கவனத்தைக் கேட்கிறது. செயற்கைக்கோளின் 1,575.42 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பிடிக்க, வெப்பச் சமன்பாடு கொண்ட படிக அலையியற்றி ஒன்று அங்கே துல்லியமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் காற்றழுத்த உயரமானி, மின்னணு திசைகாட்டி, பீங்கான் ஆன்டெனா. இவை எல்லாவற்றின்மீதும் வெப்பம் தாங்கும் காப்டான் டேப் ஒட்டி, அதன்மேல் அலுமினியத் தாள் மடித்து மூடுங்கள். உயரமானியின் நுண்துளைக்குள் ஃபிளக்ஸோ (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) ஆல்கஹாலோ புகக்கூடாது என்பதால் அந்தத் துளைக்குத் தனி மூடல் போடுங்கள். நேரம் காக்கும் சிறு நாணயப் பேட்டரி இருந்தால் கழற்றிவிடுங்கள். சூட்டில் அது வெடிக்கக்கூடும். காந்தமேறிய திருப்புளியையும் சாமணத்தையும் திசைகாட்டி அருகே கொண்டுபோகாதீர்கள்.

சிப்பின் மூலைகளில் கறுப்புப் பசை இருந்தால் 150 டிகிரி அளவில் மென்மையாக்கிச் சுரண்டி எடுங்கள். பிராசஸருக்கு அடியிலும் பசை நிரப்பப்பட்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அங்கே சூடு ஏறினால் உருகிய சால்டர் பசைக்கும் போர்டுக்கும் நடுவே பிதுங்கிக் குறுக்குச்சுற்று உண்டாக்கும்.

போர்டைக் கீழிருந்து 120 முதல் 150 டிகிரிக்கு மெதுவாகச் சூடேற்றுங்கள். சிப்பைச் சுற்றி நல்ல ஜெல் ஃபிளக்ஸ் விடுங்கள். காரீயமற்ற சால்டர் 217 டிகிரியில் இளகத் தொடங்கும். காற்றுமுனையில் 350 டிகிரி அளவு வைத்து, முனையை வட்டமாக நகர்த்திக்கொண்டே இருந்தால் சிப்பின் அடி அந்த வெப்பத்தை எட்டும். சாமணத்தால் மிக மெல்லத் தொட்டுப் பாருங்கள். சிப் லேசாக நகர்ந்து தானே பழைய இடத்துக்குத் திரும்பினால் எல்லாப் பந்துகளும் உருகிவிட்டன. அப்போது நேராக மேலே தூக்குங்கள். நகராத சிப்பை நெம்பினால் செப்புத் தடங்கள் பிய்ந்துவரும்.

தடம் ஒன்று பிய்ந்துவிட்டாலும் உடனே மனம் தளரவேண்டியதில்லை. 153 பந்துகளில் பெரும்பாலானவை எதனோடும் இணையாதவை. பந்துகளின் இடக்குறியோடு சொன்னால், எம்5 கட்டளை, எம்6 கடிகாரம், ஏ3, ஏ4, ஏ5, பி2 முதல் பி6 வரை தரவு, கே5 ரீசெட், சி2 உள் மின்னழுத்த நிலைப்பு, இவற்றோடு மின்வழங்கலும் தரையும்தான் முக்கியம். பிய்ந்தது இவற்றில் ஒன்றா என்று தரவுத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மீதமுள்ள சால்டரை உறிஞ்சுபின்னலால் துடைத்து, தடங்களைச் சமமாக்கி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டியில் மட்டும் போடாதீர்கள். அந்த அதிர்வு உயரமானியையும் படிகத்தையும் பாழாக்கும். தரவுத் தடங்கள் ஒவ்வொன்றையும் தரையோடு மல்டிமீட்டரின் டயோடு நிலையில் அளந்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே மதிப்பைக் காட்டவேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் சிப்பை வைக்கும் முன் காரணத்தைத் தேடுங்கள்.

புதிய சிப்பின் முதல் பந்துக் குறியைப் போர்டின் குறியோடு பொருத்தி வைத்து, அதே வெப்ப வரிசையில் ஒட்டுங்கள். சாக்கெட்டில் அழுந்தியதால் பந்துகள் சிதைந்திருந்தால் முதலில் ரீபாலிங், அதாவது புதிய பந்துகள் இடுதல், செய்துகொள்ளுங்கள். ஒட்டியதும் ஊதிக் குளிர்விக்க வேண்டாம். தானாக ஆறட்டும்.

முதல் உயிர்ப்பு

பேட்டரியைப் போட்டுவிடாதீர்கள். மின்னோட்ட வரம்புள்ள மின்வழங்கியை அந்தக் கருவிக்குரிய மின்னழுத்தத்தில் வையுங்கள், இரண்டு ஏஏ பேட்டரிக் கருவி என்றால் 3 வோல்ட், வரம்பு 500 மில்லியாம்பியர். இயக்கும் முன்பே மின்னோட்டம் வரம்பைத் தொட்டால் எங்கோ குறுக்குச்சுற்று. சிறிதளவு ஓடி அப்படியே நின்றுபோய்த் திரையும் இருண்டிருந்தால் துவக்க நிரலைப் படிக்க முடியவில்லை. 179ஆவது பைட், முகவரி முறை, கட்டளைக் கம்பியின் ஒட்டு என்ற வரிசையில் பாருங்கள். நிறுவனச் சின்னம் வந்து அதோடு நின்றால் துவக்கப் பகுதி நலமாக இருக்கிறது, குறை பயனர் பகுதியில். சில நேரம் இயங்கி சில நேரம் தவறினால் ஏதோ ஒரு தரவுப் பந்து சரியாக ஒட்டவில்லை.

இயங்கிவிட்டால், படிமத்தோடு மீண்டும் ஒருமுறை ஒப்பிடுங்கள். ஒட்டும் சூட்டில் ஓரிரு பிட்டுகள் மாறியிருக்கக்கூடும்.

இடத்தை விரித்தல்

இப்போதும் கருவி பழைய கொள்ளளவைத்தான் காட்டும், ஏனெனில் பகிர்வு அட்டவணையும் நகலாக வந்ததுதான். பயனர் பகிர்வின் தொடக்க செக்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் உள்ள பகுதியில் ஃபர்ம்வேர் ஒளிந்திருக்கலாம் என்பதால் தொடக்கத்தை ஒருபோதும் நகர்த்தாதீர்கள், முடிவை மட்டும் நீட்டுங்கள். அதே பெயரில் எஃப்ஏடி32 ஆக வடிவமைத்து, எடுத்துவைத்த கோப்புகளைத் திரும்பப் போடுங்கள். கிளஸ்டர் (கோப்புக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச அலகு) அளவை 32 கேபி என வையுங்கள். 8 ஜிபிக்கு 4 கேபி கிளஸ்டர் என்றால் எஃப்ஏடி அட்டவணை 8 எம்பி வரும். 32 கேபி என்றால் 1 எம்பிதான். சிறிய பிராசஸருக்கு இந்த வேறுபாடு பெரிது.

மூடும் முன்பும் மூடிய பின்பும்

திறந்த வானத்தின் கீழ் 20 நிமிடம் அசையாமல் வையுங்கள். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையும் வந்துசேரவே 12.5 நிமிடம் ஆகும். எல்லாச் செயற்கைக்கோள்களின் சமிக்ஞைப் பட்டைகளும் முன்பைவிடக் குட்டையாகத் தெரிந்தால் ஆன்டெனா இணைப்பை மறுபடி அழுத்திப் பாருங்கள். பட்டைகள் நன்றாக இருந்தும் நிலை பிடிக்க நெடுநேரம் ஆனால், அலையியற்றி சூடுபட்டிருக்கிறதோ என்று ஐயப்பட இடமுண்டு. ஓரிரு நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். திசைகாட்டியையும் உயரமானியையும் புதிதாக அளவுத்திருத்தம் செய்யுங்கள்.

ரப்பர் வளையத்தில் மெல்லிய சிலிக்கோன் கிரீஸ் தடவி, திருகாணிகளை எதிரெதிர் மூலையாகச் சீராக முடுக்குங்கள். பசையில் மூடிய கருவிக்கு நீர்புகாப் பசை புதிதாகவே வேண்டும். உயரமானிக்குக் காற்றுவிடும் சவ்வின்மேல் பசை படியக்கூடாது. நீரில் சோதிக்க நினைத்தால், போர்டை மீண்டும் வெளியே எடுத்துவிட்டு, காலிக் கூட்டுக்குள் உறிஞ்சுதாள் ஒன்றை வைத்து மூடி, அரை மணி நேரம் அமிழ்த்திப் பாருங்கள். தாள் காய்ந்திருந்தால் போர்டைப் பொருத்தி நிரந்தரமாக மூடலாம். பழைய சிப்பை நிலைமின் தடுப்புறையில் இட்டு, மாடல் பெயரையும் தேதியையும் எழுதி, படிமங்கள் உள்ள வட்டோடு சேர்த்து வையுங்கள். புதிய சிப் சில மாதங்களில் தடுமாறினால் அதே இடத்தில் திரும்ப ஒட்டிக் கருவியை மீட்கலாம்.